பொறுமையே இல்லாத குட்டித் தோட்டக்காரர்களுக்கு என்ன விதைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு வாண்டுகள். தொட்டியில் விதை போட்டால் மறுநாளே "முளைச்சிருச்சா?" என்று விரலை விட்டுத் தோண்டிப் பார்க்கிறார்கள். அப்புறம் விதை எங்கே பிழைக்கும்! முள்ளங்கி நாலைந்து நாளில் தலைகாட்டிவிடும், அது சரி. பீன்ஸ் விதையைக் கண்ணாடி டம்ளரின் ஓரமாக ஈரத்துணியோடு செருகி வைத்தால் வேர் விடுவது வெளியிலிருந்தே தெரியும், அதையும் செய்யப்போகிறோம். இவை தவிர, சின்ன விரல்களால் எடுக்க வசதியான, சீக்கிரம் முளைக்கிற விதை வேறு என்ன இருக்கிறது?

சின்னவன் எதையும் வாயில் வைப்பான். அதனால் ஆமணக்கு, அரளி பக்கமே போகமாட்டோம். வேறு எந்தச் செடிகளை ஒதுக்க வேண்டும்? தண்ணீர் ஊற்றும் ஆசையை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்? தொட்டி தினமும் சேறாகிறது.