சேலம் வெயிலில் நியூட்: தண்ணி 31 டிகிரி, சாப்பாடு எடுக்கல

அம்மாபேட்டைத் தொட்டி:
60 லிட்டர் தொட்டியில் ரெண்டு சீன ஃபயர் பெல்லி நியூட் (பல்லி மாதிரி உருவம், ஆனா தவளை மாதிரி நீர்நில வாழ் உயிரி). மொட்டைமாடிக்கு நேர் கீழ் ரூம். மதியம் 3 மணிக்குத் தண்ணி 31 டிகிரி. போர் தண்ணிதான், டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு அளவு) 1100, பிஎச் (கார அளவு) 8.2, அம்மோனியா 0.5. நாலு நாளா மண்புழுவைத் தொடல. ரெண்டும் கல் மேலயே ஏறி உக்காந்திருக்கு. ஒண்ணோட பின்கால் விரல்ல பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கு. ஐஸ் பாட்டில் போட்டா 24க்கு இறங்குது, ரெண்டு மணி நேரத்துல பழையபடி ஏறிடுது. மீனுக்குப் போடுற பச்சை மருந்து போடலாமா?

கல்தவளை:
பச்சை மருந்து வேண்டவே வேண்டாம். அதுல இருக்கிறது மாலகைட் கிரீன். நியூட்டுக்குத் தோல்தான் பாதி மூச்சு, மருந்து நேரா உடம்புக்குள்ள போயிடும். தாமிரம் கலந்த மருந்தும் அப்படித்தான்.

இன்னிக்கே ரெண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்துங்க. 5 செ.மீ. தண்ணி, ஏறி உக்கார ஒரு ஓட்டுத்துண்டு, காத்து போற இறுக்கமான மூடி. கீழ்த்தளத்துல, வெயில் படாத தரையில வைங்க. தண்ணியை தினமும் முழுசா மாத்தணும், புதுத்தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும். பஞ்சு வந்ததுக்கு மட்டும், லிட்டருக்கு 2 டீஸ்பூன் அயோடின் இல்லாத கல்லுப்பு கரைச்ச தனித் தண்ணியில 10 நிமிஷம் விட்டு எடுங்க, அதுக்கு மேல வேண்டாம்.

ஐஸை நிறுத்துங்க. 31, 24, மறுபடி 31னு ஆடுறது நிலையான 26ஐ விட மோசம். இதுங்களுக்கு வேண்டியது 16 முதல் 22 வரை. கம்ப்யூட்டர் ஃபேன் ரெண்டு, தண்ணி மேல சாய்வா ஊதினா 3 டிகிரி குறையும். சேலத்துல காத்து வறண்டதால நல்லாவே வேலை செய்யும். ஆனா 31க்கு அது பத்தாது. பெல்டியர் கூலரும் (கம்ப்ரசர் இல்லாத சின்ன மின் குளிர்விப்பான்) இந்த வெயிலுக்குத் தாங்காது. 1/10 எச்பி சில்லர் (தொட்டித் தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்) இல்லன்னா ஏசி ரூம், ரெண்டுல ஒண்ணு. சில்லர் கக்குற சூடு அதே ரூம்ல தங்கக்கூடாது. சில்லர்ல இருந்து திரும்பி வர்ற தண்ணியை ஓட்டை போட்ட குழாய் வழியா கண்ணாடி மேல பட விடுங்க, வேகமான ஓட்டம் நியூட்டுக்கு ஆகாது. மூணு பக்கமும் ஒரு இஞ்ச் தெர்மாக்கோல் ஒட்டுங்க.

ஃபேனுக்காக மூடியைத் திறந்தே வைக்காதீங்க, ஈரக் கண்ணாடியில இதுங்க சரசரன்னு ஏறிடும். ஸ்டீல் கொசுவலை போடுங்க. ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வலை வேண்டாம். அதுல படியுற துளி துத்தநாகத்தோட தொட்டிக்குள்ளயே விழும்.

சொட்டுநீர்:
சூடு பத்தி மேல சொன்னது சரி. ஆனா கல் மேல ஏறுறதுக்கு உங்க தண்ணியும் காரணம். அம்மோனியாவோட விஷம் பிஎச்சும் சூடும் ஏற ஏற கூடும். 8.2 பிஎச், 31 டிகிரியில அதுல சுமார் 12 சதவீதம் விஷ வடிவத்துல இருக்கும். 7.2 பிஎச், 19 டிகிரியில அதே 0.5ல ஒரு சதவீதம் கூட இருக்காது. கூடவே 20 டிகிரியில லிட்டருக்கு 9 மி.கி. கரையிற ஆக்சிஜன் 31ல ஏழரைக்குக் கீழ போயிடும்.

ஒரு பங்கு போர், மூணு பங்கு ஆர்ஓ (உப்பு நீக்கின தண்ணி) கலந்தா டிடிஎஸ் 300 பக்கம் வரும். வெறும் ஆர்ஓ வேண்டாம், பிஎச் நிலையா நிக்காது. தொட்டியில ஒரே நாள்ல மாத்தாம தினம் 20 சதவீதமா மாத்துங்க. டப்பாவுக்கும் முதல் நாள் பாதி போர், பாதி ஆர்ஓ. ஃபேன் ஓடினா ஆவியாகிற அளவுக்கு ஆர்ஓ மட்டும் ஊத்துங்க, உப்பு தொட்டியிலேயே தங்கிடும் இல்லையா. மேட்டூர் தண்ணி (குளோரின் போட்ட குழாய்த் தண்ணி) பிடிச்சா, ஆன்டி குளோரின் போட்டுட்டு ஊத்துங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டரை குழாய்த் தண்ணியில கழுவாதீங்க, அம்மோனியாவைச் சரி பண்ற நல்ல பாக்டீரியா செத்துடும்; அம்மோனியா வந்தது அதனாலயும் இருக்கலாம். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் ஆனப்புறம்தான் நியூட்டைத் தொட்டியில திரும்ப விடணும்.

அம்மாபேட்டைத் தொட்டி:
ரொம்ப நன்றிங்க. கோடைக்கு மட்டும் ஏற்காட்டுல சித்தப்பா வீட்டுல வைக்கலாமா? இல்ல, அங்கேயே ஏரியில விட்டுடலாமா?

கல்தவளை:
வீட்டுல வைக்கலாம். 1500 மீட்டர் உயரம். மே மாசம் ஒரு ஃபேனே போதுமா இருக்கும், மார்கழிக் குளிரும் இதுங்களுக்குப் பிரச்சனையில்ல. மலை ஏத்தும்போது ஈரப்பாசி போட்ட டப்பா, தெர்மாக்கோல் பெட்டிக்குள்ள.

ஏரியில மட்டும் விடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். வெளிநாட்டு நியூட் நோய் எதுவும் காட்டாமலே கைட்ரிட் பூஞ்சையை (தவளைகளைக் கொல்ற தோல் பூஞ்சை) சுமக்கலாம். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைத் தவளைங்களுக்கு அது பரவிடுச்சுன்னா திருப்பி எடுக்க முடியாது. தொட்டித் தண்ணியைக் கூட ஓடையிலயோ காப்பித் தோட்டத்துலயோ ஊத்தாதீங்க. பக்கெட்ல பிடிச்சு, ப்ளீச்சிங் பவுடர் கலந்து ஒரு ராத்திரி வச்சு, வீட்டுக் கழிவறையில ஊத்துங்க. தோல்ல விஷம் இருக்கு, தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும்னு சித்தப்பா வீட்டுப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிடுங்க.