ஊமைப்படம் ஒண்டு சொல்லுங்கோ: களவுக் கல்யாணம், மாறுவேடம், எல்லாரும் சிரிக்கோணும்

வெள்ளவத்தை மொட்டைமாடி:
எங்கட ப்ளாட்டில மாதத்தில ஒரு நாள் மொட்டைமாடியில வெள்ளைச் சீலை கட்டிப் படம் போடுறனாங்கள். புரொஜெக்டர் இருக்கு, கதிரை அவரவர் வீட்டில இருந்து வரும். பிரச்சினை பாஷைதான். நாலாம் மாடியில சிங்களக் குடும்பங்கள், கீழ்த்தட்டில ஒரு மலாய் வீடு, மிச்சம் நாங்கள். தமிழ்ப் படம் போட்டால் பாதிச் சனம் இடையில எழும்பிப் போகுது. சிங்களப் படம் போட்டால் எங்கட அம்மாமாருக்குக் கொட்டாவி. சப்டைட்டில் போட்டாலும் வயசானவைக்குத் தூரத்தில எழுத்துத் தெரியாது.

அதால ஊமைப்படம். சாப்ளின் போட்டாச்சு, பிள்ளையளுக்கு எல்லாம் மனப்பாடம். அம்மா சொல்லுறா, "விழுந்து எழும்பினது போதும், ஒரு கல்யாணக் கதை இல்லையோ?" களவாய்க் கல்யாணம், வேசம் போட்டு ஏமாத்துறது, கடைசியில பிடிபடுறது. இப்பிடி ஏதும் இருந்தால் சொல்லுங்கோ. அடுத்த போயாவுக்கு, பௌர்ணமி லீவு நாளில, போட யோசிக்கிறன்.

தெஹிவளை ரீல்:
லாரல் ஹார்டியின்ர 'தட்ஸ் மை வைஃப்', 1929. குடும்பமாய்ச் சந்தோசமாய் இருந்தால்தான் மாமன்ர சொத்துக் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து ஹார்டியின்ர மனிசி கோவிச்சுக்கொண்டு போயிட்டா. உடன லாரலுக்குச் சட்டை போட்டு, விக் வைச்சு, மனிசி எண்டு மாமனுக்குக் காட்டுறார். இருபது நிமிசம்தான். பிள்ளையள் உருண்டு சிரிக்கும்.

கொட்டாஞ்சேனை ஆர்மோனியம்:
தங்கச்சி, அது நல்ல படம்தான், ஆனா அதில கல்யாணம் இல்லை, சட்டைதான் இருக்கு. அம்மா கேக்கிறது வேற. எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1919ல ஜெர்மனியில எடுத்த 'டி புப்பே' பாருங்க. பொம்மைக் கதை. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும்.

லான்ஸலோட்னு ஒரு பையன். பொம்பளைன்னா பயம். பெரியப்பா பணக்காரப் பிரபு, வம்சம் அத்துப்போகக் கூடாதுன்னு கல்யாணம் கட்டச் சொல்றாரு. பொண்ணுங்க கூட்டமா துரத்த, பையன் ஓடிப்போய் ஒரு கத்தோலிக்க மடத்தில ஒளிஞ்சிக்கிறான். மடத்துச் சாமியார்களுக்குத் தீனிதான் தியானம். சீதனம் மூணு லட்சம்னு கேள்விப்பட்டதும் ஒரு யோசனை சொல்றாங்க: பொம்மை ஒண்ணைக் கட்டிக்கோ, காசை எங்ககிட்ட குடு.

பொம்மை செய்ற ஹிலாரியஸ் தன் மக சாயலிலேயே ஒண்ணு செஞ்சி வச்சிருக்காரு. கடையில வேலை செய்ற சின்னப் பையன் அதோட ஆட்டம் போட்டுப் பொம்மையோட கையை உடைச்சிப்புடுறான். அடி விழக் கூடாதேன்னு அந்த மகளே பொம்மையா நிக்கிறா. அப்புறம் லான்ஸலோட் அவளைத்தான் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறான். பொய்க் கல்யாணம்னு நெனச்சிப் பண்றது மெய்க் கல்யாணமா முடியுது. ஏமாத்தப் போனவனுக்குத்தான் விசயம் தெரியல.

நம்ம வள்ளி திருமணத்தில முருகன் கிழவனா வந்து தினைமாவும் தண்ணியும் கேப்பான். வேசம் மாப்பிள்ளைக்கு. இங்க வேசம் பொண்ணுக்கு, ஏமாறுறவன் மாப்பிள்ளை. கதிர்காமம் போய் வந்த சனத்துக்கு இதை ஒரு வரியில சொன்னாப் போதும், சிங்கள ஆக்களுக்கும் வள்ளியம்மாவைத் தெரியும்.

படத்தில அந்தப் பொண்ணா நடிக்கிறது ஒஸி ஓஸ்வால்டா. கல்யாண விருந்தில அவன் திரும்பினதும் அள்ளி வாயில போடுவா, அவன் பாத்ததும் கட்டையா நிப்பா. வீடு, மரம் எல்லாம் அட்டையில வெட்டினது. வண்டி இழுக்கிற குதிரை, உள்ள ரெண்டு ஆள் நிக்கிற துணிக் குதிரை. முதல் காட்சியில லூபிட்ச்சே வந்து பெட்டியிலேர்ந்து குட்டி வீடும் மரமும் எடுத்து அடுக்குவாரு. நான் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்ச ஆளு, எனக்கு அந்த அட்டை மரம் ஒண்ணே போதும்.

வெள்ளவத்தை மொட்டைமாடி:
ஐயா, கேக்கவே நல்லாயிருக்கு. ஆனால் சாமியார்மாரைக் கேலி பண்ணுற படத்தைப் போயாவிலயோ? நாலாம் மாடி ஆச்சி விகாரைக்குப் போயிட்டு வந்து நேர மொட்டைமாடிக்கு ஏறுற ஆள். வேற நாள் வைப்பம். எங்கட கத்தோலிக்கச் சனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுறன்.

மற்றது, படத்துக்கு இடையில வாற ஜெர்மன் எழுத்துக் கார்டுகளை என்ன செய்யிறது?

தெஹிவளை ரீல்:
கார்டு வரேக்க நிப்பாட்டுங்கோ. ஒராள் தமிழில, ஒராள் சிங்களத்தில வாசிக்கட்டும். கார்டில இருக்கிறதை மட்டும். எங்கட மாமா ஒருத்தர் இப்பிடி வாசிக்கப் போய் நடக்கப் போறதையும் சேர்த்துச் சொல்லி, சிரிப்பு வர முந்தியே எல்லாரையும் சிரிக்கச் சொன்னவர்.

வேகத்தையும் பாருங்கோ. பழைய ஊமைப்படங்கள் செக்கனுக்கு இருபது படச்சட்டத்துக்குக் கிட்ட ஓடினது. அதை இருபத்தினாலில விட்டால் ஆக்கள் பறப்பினம். உங்களிட்ட இருக்கிற பிரதி ஒரு மணித்தியாலத்துக்கு நல்லாக் குறைஞ்சால் வேற தேடுங்கோ.

கொட்டாஞ்சேனை ஆர்மோனியம்:
பிரதியில பின்னாடி சேத்திருக்கிற இசையை மியூட் பண்ணுங்க. விருந்துக் காட்சியில அவ திங்கும்போது ஆர்மோனியம் வாசிக்கணும், அவன் திரும்பினதும் டக்குனு நிறுத்தணும். ரெண்டாந்தரம் நிறுத்தும்போது குழந்தைங்களே "திரும்பிட்டான்"னு கத்தும். விசயம் தெரிஞ்சதும் ஹிலாரியஸுக்குத் தலைமயிர் குத்திட்டு நின்னு வெள்ளையாகும், அங்க ஒரே சுரத்தை இழுத்துப் பிடிச்சாப் போதும்.

வெள்ளவத்தை மொட்டைமாடி:
அப்ப நீங்களே வந்து வாசியுங்கோவன், ஐயா. பெட்டியைத் தூக்க நாலு பெடியளை விடுறன். லிஃப்ட் ஆறாம் மாடியோட நிக்கும், அங்கால படிதான்.

கொட்டாஞ்சேனை ஆர்மோனியம்:
படி எத்தனை? முட்டி வலி எனக்கு. பெட்டியோட என்னையும் தூக்குறதுன்னா வர்றேன்.