சென்னையில் அசலான தாய்லாந்து உணவு: உணவகத்தை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

கேள்வி: காரைக்குடி வாசகர்

அன்புடையீர், பாங்காக்கில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற என் பெரியப்பா இப்போது கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டில் இருக்கிறார். அடுத்த மாதம் அவரையும் பெரியம்மாவையும் சென்னைக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே ஒரு வேளையாவது தாய்லாந்துச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

மதுரையிலும் சென்னையிலும் இதற்கு முன் சென்ற இடங்கள் எங்களுக்கு ஒத்துவரவில்லை. பச்சைக் குழம்பு என்று வைத்தது தேங்காய்க் குருமாவில் பச்சை நிறம் ஏற்றியது போல இருந்தது. பாட் தாய் நூடுல்ஸ் தக்காளி சாஸின் சிவப்போடு வெறும் தித்திப்பாக வந்தது. பெரியப்பா இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தார். இணையத்தில் நட்சத்திரம் போடுபவர்கள் பெரும்பாலும் விளக்கு அலங்காரத்தையும் பரிமாறுபவரின் புன்னகையையும் புகழ்கிறார்களே தவிர, உணவைப் பற்றி உருப்படியாக ஏதும் எழுதுவதில்லை. உள்ளே போய் உட்காருவதற்கு முன்பே நல்ல இடத்தை அடையாளம் காண வழி உண்டா? பெரியம்மா முழுச் சைவம் என்பதையும் கருத்தில் கொண்டு விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பள்ளத்தூர்க்காரர்

சென்னையில் விடுதிச் சமையற்கூடங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் உணவுப் பட்டியலை வரவழைத்துப் பாருங்கள். சுஷி, மோமோ, மஞ்சூரியன் ஆகியவற்றின் நடுவே பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு, பாட் தாய் என்று மூன்றே பெயர்கள் இருந்தால், அந்தச் சமையற்கூடத்தில் தாய்லாந்துக்கெனத் தனிக் கவனம் இருக்க வாய்ப்பு குறைவு. வடகிழக்குப் பகுதியான ஈசானின் கொத்திறைச்சிச் சாலட்டான லாப், வடக்கே சியாங் மாயின் நூடுல்ஸ் குழம்பான காவ் சோய், தேங்காய்ப்பால் சேராத புளிப்புக் குழம்பான கேங் சோம் போன்றவை பட்டியலில் இருந்தால் விஷயம் தெரிந்தவர் எவரோ அங்கே இருக்கிறார் என்று கொள்ளலாம்.

அடுத்ததாகத் தொலைபேசியில், குழம்புக்கான விழுதை நீங்களே அரைக்கிறீர்களா, அல்லது டப்பாவில் வருவதைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேளுங்கள். டப்பா விழுது என்றாலே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் தாய்லாந்திலேயே பலர் சந்தையில் விழுது வாங்கித்தான் சமைக்கிறார்கள். ஆனால் கேள்விக்குத் தயங்காமல், புரிந்து பதில் சொல்கிறார்களா என்பதே உங்களுக்குப் பாதி விடையைத் தந்துவிடும்.

தாய்லாந்து அரசின் வணிக அமைச்சகம் வெளிநாட்டில் உள்ள உணவகங்களுக்கு ‘தாய் செலக்ட்’ என்னும் சான்றிதழை வழங்குகிறது. அந்த முத்திரை வாசலிலோ பட்டியலிலோ இருந்தால் அதை ஒரு நல்ல தொடக்கமாகக் கொள்ளலாம்.

பதில்: தேவகோட்டை, தற்போது பாங்காக்

மேலே ஐயா சொன்னவற்றோடு, தட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவற்றைச் சேர்க்கிறேன்.

நம் செட்டிநாட்டுச் சமையலில் மிளகு, சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு ஆகியவற்றை வறுத்து அரைத்த மணத்தைத் தேடுவது நமக்குப் பழக்கம். தாய்லாந்துக் குழம்புகள் பெரும்பாலும் பச்சையான வேர், புல், இலை ஆகியவற்றின் மணத்தில் நிற்பவை என்பதால், நம் நாக்கின் அளவுகோலை அப்படியே அங்கே வைத்தால் நல்ல குழம்பும் ‘மசாலா போதவில்லை’ என்றே தோன்றும். பச்சைக் குழம்பின் விழுதில் பச்சை மிளகாய், எலுமிச்சைப் புல், பேரரத்தை, கொத்தமல்லி வேர், பூண்டு, சின்ன வெங்காயம், இறால் விழுது ஆகியவை சேரும். பேரரத்தையை நாம் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டாகத்தான் பார்த்திருப்போம், ஆனால் தாய்லாந்தில் அதைப் பச்சையாகவே பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பதிலாக இஞ்சியைப் போட்டால் சுவை வேறு திசைக்குப் போய்விடும்.

பச்சைக் குழம்பு நீர்த்துத்தான் இருக்க வேண்டும். கரண்டியில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியாக இருந்தால் சோள மாவையோ முந்திரியையோ சந்தேகிக்கலாம். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதப்பது நல்ல அறிகுறி: கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும் வரை காய்ச்சி, அதில் விழுதை வதக்கியிருக்கிறார்கள் என்று பொருள். காய்களையும் பாருங்கள். புரோக்கோலியும் குடைமிளகாயும் நிறைந்திருந்தால் அது நகரத்து ஏற்பாடு. தாய்லாந்தில் அதே குழம்பில் சிறு உருண்டைக் கத்தரிக்காயோடு நம் சுண்டைக்காயையும் பச்சையாகவே போடுகிறார்கள். காரைக்குடிச் சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கும் காயைப் பாங்காக்கில் குழம்புக்குள் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டாம் யாம் சூப்பில் எலுமிச்சைப் புல்லின் தண்டு, பேரரத்தை வில்லை, மக்ரூட் எலுமிச்சையின் இரட்டை இலை ஆகியவை கிடக்க வேண்டும். கறிவேப்பிலையை நாம் ஒதுக்குவது போல அவற்றை ஒதுக்கிவிட்டுக் குடிப்பதே வழக்கம். அவை எதுவும் இல்லாமல் சிவந்த புளிப்பு நீர் மட்டும் வந்தால், புட்டியிலிருந்து கலக்கியிருக்கக் கூடும். இறால் சேர்த்த டாம் யாம் குங்கை 2024-இல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பாட் தாயின் இனிப்பும் புளிப்பும் பனைச் சர்க்கரை, புளி, மீன் சாஸ் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். தக்காளி சாஸுக்கு அங்கே வேலையே இல்லை. எலுமிச்சைத் துண்டு, மிளகாய்த் தூள், நிலக்கடலைப் பொடி ஆகியவை பக்கத்தில் வரும். அங்கே சில கடைகளில் பச்சை வாழைப்பூவையும் வைப்பார்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சமையல்காரர் தாய்லாந்துக்காரராக இருந்தால் நம்பலாமா? பெரியம்மாவுக்குக் கோழியை மட்டும் தவிர்த்துவிட்டுச் சைவமாகச் செய்து தருவதாக ஓர் உணவகத்தில் சொன்னார்கள். அது சரியாக இருக்குமா?

பதில்: பள்ளத்தூர்க்காரர்

சமையல்காரரின் ஊரை அளவுகோலாக வைக்காதீர்கள். அங்கிருந்தே வந்தவரும் ‘இங்குள்ளவர்களுக்குக் காரம் கூட்டு, இனிப்பைக் கூட்டு’ என்று முதலாளி சொன்னால் அப்படித்தான் செய்வார். பயிற்சி பெற்ற நம் ஊர்ப் பையன்கள் மிக நேர்த்தியாகச் சமைப்பதையும் பார்த்திருக்கிறேன். நம் முகத்தைப் பார்த்ததும் மிளகாய்த் தூளைத் தூவிவிடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. எனவே பாங்காக்கில் இருந்தவருக்காகச் செய்கிறீர்கள், எதையும் மாற்ற வேண்டாம் என்று பரிமாறுபவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பதில்: கோட்டையூர் சைவ இல்லத்தரசி

தம்பி, கோழியை எடுத்துவிட்டால் சைவம் என்று சொல்லும் உணவகத்திற்குப் பெரியம்மாவை அழைத்துச் செல்ல வேண்டாம். சிக்கல் கோழியில் இல்லை, அடிப்படையிலேயே இருக்கிறது. பச்சை, சிவப்புக் குழம்பு விழுதுகளில் வழக்கமாகவே இறால் விழுது அரைபட்டிருக்கும். உப்புக்காக மீன் சாஸ் ஊற்றுவார்கள். வதக்கும் காய்கறியில் சிப்பி சாஸ் சேரும். பப்பாளிக்காய்ச் சாலட்டான சோம் தாமில் காய்ந்த இறால் இருக்கும். டோஃபு போட்ட பச்சைக் குழம்பும் இதே காரணத்தால் அசைவமாகவே இருக்கக் கூடும்.

தாய்லாந்திலேயே ‘ஜே’ என்ற சைவ முறை உண்டு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துடன் அறிவிக்கும் அந்தக் கடைகளில் பூண்டும் வெங்காயமும் கூடச் சேர்ப்பதில்லை. ஆகவே சைவத் தாய்லாந்து உணவு என்பது நமக்காகச் செய்த சமரசம் அல்ல, அதைத் தயங்காமல் கேட்கலாம். இறால் சேராத விழுதைத் தனியாக வைத்திருக்கிறீர்களா, மீன் சாஸுக்குப் பதிலாக சோயா சாஸ் சேர்ப்பீர்களா, வாணலியும் உரலும் தனியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சோம் தாமை உரலில் அந்தந்த முறைக்கு இடித்துத் தருவதே வழக்கம் என்பதால், இறாலும் மீன் சாஸும் இல்லாமல் கேட்பதில் சிரமம் இருக்காது. முன்பே கலந்து வைத்திருக்கிறோம் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

இனிப்புக்குக் கருப்பு ஒட்டரிசியில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்வது கிடைக்கிறதா என்று பாருங்கள். கவுனி அரிசி உண்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகவே இருக்காது. மேலே ஊற்றும் தேங்காய்ப்பாலில் சிறிது உப்புக் கரிக்க வேண்டும். அதைக் குறையென்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கேட்டவர்

ஆச்சி அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. இரண்டு உணவகங்களுக்குப் பேசிவிட்டேன். முதலாவது இடத்தில் விழுதைப் பற்றிக் கேட்டதும், ‘எல்லாம் நன்றாக இருக்கும், வாருங்கள்’ என்பதோடு முடித்துக்கொண்டார்கள். இரண்டாவது இடத்தில் சமையற்கூடத்திலிருந்தே ஒருவர் பேசினார்: சைவ விழுது தனியாக இருப்பதாகவும், பச்சைப் பேரரத்தை கிடைப்பதாகவும் சொன்னார். ஆனால் துளசியில் வதக்கும் பாட் கப்ராவுக்கு உரிய இலை எல்லா நாளும் வருவதில்லை, வராத நாளில் இத்தாலிய பேசிலைப் போடுவோம் என்றார். பெரியப்பா ஆவலோடு கேட்டிருப்பது அதைத்தான். பல்லவன் வண்டியில் சென்று நண்பகலில் இறங்குவதால் மதிய உணவுக்கே இடம் பதிவு செய்துள்ளேன்.

பதில்: தேவகோட்டை, தற்போது பாங்காக்

இல்லாததை இல்லை என்று சொன்னவரின் உணவகம் நல்ல தேர்வு. இத்தாலிய பேசிலில் பாட் கப்ராவின் கிராம்பு போன்ற காட்டம் வராது. முதல் நாள் மாலை கூப்பிட்டு இலை வந்ததா என்று கேளுங்கள். வராவிட்டால் அந்த உணவை விட்டுவிட்டு, பூண்டும் மிளகாயும் புளிக்கவைத்த சோயா விழுதும் சேர்த்துக் கடுந்தீயில் வதக்கும் வள்ளைக்கீரையைக் கேளுங்கள். அதில் சிப்பி சாஸும் மீன் சாஸும் வேண்டாம் என்று சொன்னால் பெரியம்மாவும் சேர்ந்து உண்ணலாம். அனைத்தையும் நடுவில் வைத்து, மல்லிகை அரிசிச் சோற்றோடு பகிர்ந்து உண்ணுங்கள். ஆளுக்கொரு தட்டு என்று வரவழைத்தால் புளிப்பும் காரமும் உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வழியின்றிப் போகும்.