வெள்ளத்தில் நான் பார்த்த மனிதர்கள், என்னையும் சேர்த்து

(மூன்று பேர் புனைபெயரில், ஒருவருக்கொருவர் பதிலாக எழுதியவை)

மேல்பெர்த்

மனிதன் இயல்பில் நல்லவன்தானா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அரைக் கிலோ சில்லுக்கருப்பட்டிதான் நினைவுக்கு வரும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு இரவு செந்தூர் எக்ஸ்பிரசில் சென்னைக்குக் கிளம்பினேன். பையில் இலை விபூதி, ஒரு தண்ணீர் பாட்டில், வீட்டுக்கென்று வாங்கிய, சுக்கு சேர்த்த சில்லுக்கருப்பட்டி. மழை கொட்டிக்கொண்டே இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம்.

ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துப்போய், கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது என்றார்கள். வண்டியை மேலே போகவிடாமல் நிறுத்திவைத்ததால்தான் இன்று இதை எழுத நான் இருக்கிறேன். வண்டியில் ஏறத்தாழ 800 பேர். அவர்களில் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அதன்பின் சாலையும் அறுந்தது. விடிந்து பார்த்தால் மிச்சம் 500 பேரும் ஒரு தீவில் நிற்கிறோம். சுற்றிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் பெட்டியில் எல்லோரும் உறவினர்களாகிவிட்டோம். பிஸ்கட்டைப் பங்கிட்டார்கள். முறுக்கு வந்தது, பஞ்சாமிர்தம்கூட விரல்விரலாக வந்தது. நானும் கை நீட்டி வாங்கினேன். என் பையைத் திறக்கவில்லை. ‘இன்னும் எத்தனை நாளோ, முதலிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டால் எப்படி?’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல வாதம்தான். அன்று இரவு கீழ் பெர்த்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று பசியில் சிணுங்கிக்கொண்டே இருந்தது. நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டேன். கடித்தால் சத்தம் வரும் என்று கரைத்துத் தின்றேன்.

இதில் இன்னொரு வெட்கம் இருக்கிறது. அதற்குள் ஊர்க்காரர்கள் சோறு கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த புதுக்குடிதான் அந்த ஊர். அவர்கள் வீடுகளிலேயே தண்ணீர் புகுந்திருந்தது, கடை கண்ணி எதுவும் கிடையாது. கோயிலில் அடுப்பு மூட்டி, ஊரில் இருந்த அரிசியைத் திரட்டிப் பொங்கிப் பாத்திரத்தோடு தூக்கி வந்தார்கள். கறிகாய் இல்லை. சோறும், பேருக்குப் புளித்த ஒரு குழம்பும். எனக்குப் பரிமாறிய பெண்ணின் சேலை முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. “இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்கு எப்போது கொண்டுவர முடியும் என்று தெரியாது” என்றார். நாங்கள் யார், எந்த ஊர் என்று அந்த ஊரில் யாரும் கேட்டதாக நினைவில்லை. ‘சாப்பிட்டீர்களா’ என்பதோடு சரி. அந்தச் சோற்றைத் தின்ற வயிற்றோடுதான் இரவில் கருப்பட்டியை ஒளித்துத் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டர் வந்தது, மீட்புப் படை வந்தது. எங்களை மணியாச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறப்பு ரயிலில் ஏற்றினார்கள். அதெல்லாம் செய்தித்தாளில் வந்த கதை.

முடிச்சூர்க்காரி

மேல்பெர்த், உங்களை நீங்களே இவ்வளவு வாட்டிக்கொள்ள வேண்டாம். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1 இரவு. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரிகள் உடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் முதல் மாடி வரை தண்ணீர். மறுநாள் காலையில் அண்ணாச்சி தன் கடை மாடியில் நின்றுகொண்டு அரை லிட்டர் பால் பாக்கெட்டை 100 ரூபாய்க்கு விற்றார். கைக்குழந்தை வைத்திருந்த என் நாத்தனார் கெஞ்சியும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. “எனக்கே எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது” என்றார். சத்தியமாகப் பொய். தெருவே வயிறெரிந்து சபித்தது.

அன்று மாலை தண்ணீர் இன்னும் ஏறியது. அதே அண்ணாச்சி, ஒரு லாரி டியூபைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான்காவது வீட்டில் படுக்கையோடு கிடந்த தாத்தாவைக் கதவுப் பலகையில் கிடத்தித் தள்ளிக்கொண்டே வந்தார். இரவு அவருடைய மாடியில் முப்பது பேருக்கு மேல் படுத்திருந்தோம். கடையிலிருந்த மெழுகுவத்தி, ரொட்டி, கொசுவத்தி எல்லாவற்றையும் பிரித்து வைத்தார். யாரிடமும் காசு வாங்கவில்லை. நாத்தனார் காலையில் கொடுத்த நூறு ரூபாயை மட்டும் திருப்பித் தரவில்லை!

இந்த இரண்டு அண்ணாச்சிகளையும் ஒரே ஆளாக்க நானும் பல வருடங்கள் முயன்று பார்த்துவிட்டேன். வியாபாரம் வேறு, உயிர் வேறு என்று அவர் தலைக்குள் ஏதோ ஒரு கோடு இருந்திருக்கும்போல. பாலில் பசியைப் பார்க்கவில்லை, சரக்கைப் பார்த்தார். தாத்தாவிடம் சரக்கு எதுவும் இல்லை. இன்றும் அவரிடம்தான் மளிகை வாங்குகிறேன். மீதிச் சில்லறையை எண்ணாமல் கடையைவிட்டு நகர்வதில்லை.

உப்புக்காற்று

இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆனால் படிப்பவர்கள் ‘ஆபத்து வந்தால் எல்லோரும் மனிதர்களாகிவிடுகிறார்கள்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று பயமாக இருக்கிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு முகாமில் இரண்டு மாதம் தொண்டு செய்தேன். ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அது. பிணங்களை அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரே கல்யாண மண்டபத்தில் இரண்டு தண்ணீர்ப் பானைகளை வைக்கச் சொன்னார்கள். யாருக்கு எந்தப் பானை என்று நான் விளக்கத் தேவையில்லை. கடல் இரு தரப்பு வீடுகளையும் ஒன்றாகத்தான் அள்ளிப் போனது. பானை மட்டும் இரண்டாகவே இருந்தது. அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு, மறுநாள் நானே இரண்டிலும் தண்ணீர் நிரப்பினேன். சண்டை வந்தால் சோறு நின்றுவிடும் என்று பயம். சரியா தவறா என்று இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று, பழந்துணி. லாரி லாரியாக வந்து இறங்கியது. கிழிந்த பட்டுப்புடவை, கோட்டு, ஒற்றைக் கால் சாக்ஸ். மீனவப் பெண்கள் தொடவே இல்லை. “நாங்கள் என்ன பிச்சைக்காரர்களா?” என்று ஒரு கிழவி என் முகத்துக்கு நேராகக் கேட்டார். துணிகள் சாலையோரத்தில் குவிந்து மழையில் மக்கின. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை பேர் கொடுத்தார்கள், எத்தனை பேர் பரணைக் காலி செய்தார்கள்? புதுக்குடிக்காரர்கள் தாங்கள் தின்னும் அரிசியைப் பொங்கினார்கள். அதனால்தான் அந்தச் சோறு தொண்டையில் இறங்கியது என்று நினைக்கிறேன்.

மேல்பெர்த்

உப்புக்காற்று சொன்னதைப் படித்தபின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வண்டியிலிருந்து இறங்கிச் சேற்றில் நடந்துபோனோம். அந்தக் குழந்தையின் தாய் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் குழந்தை, தோளில் பை. பையை நான் வாங்கிக்கொண்டேன். பேருந்துக்குக் காத்திருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. மிச்சமிருந்த கருப்பட்டிப் பொட்டலத்தை எடுத்து, இப்போதுதான் நினைவு வந்ததுபோல, “பாப்பாவுக்குக் கொடுங்கள்” என்று நீட்டினேன்.

அந்தப் பெண் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமோ கேலியோ முகத்தில் இல்லை.

“நேற்று ராத்திரியே சுக்கு வாசம் வந்தது, அண்ணா” என்றார்.

ஒரே ஒரு துண்டை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தார். பொட்டலத்தை மறுபடி மடித்து என் கையிலேயே திணித்தார். “வீட்டுக்கு வாங்கியிருப்பீர்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.”