சிகாகோ குளிரிலிருந்து ஃபுளோரிடா வெயிலுக்கு: இருவர் மட்டும் காரில் பத்து நாள் – ஆலோசனை தேவை

கேள்வி: சுங்கை சிப்புட் ஓய்வாசிரியர்

வணக்கம். நானும் என் துணைவியாரும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். இருவரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் மகள் சிகாகோவில் வேலை செய்கிறாள். சென்ற டிசம்பரில் பேரனைப் பார்க்கப் போய் ஐந்து வாரம் தங்கினோம். அதில் மூன்று வாரம் என் துணைவியார் வாசற்படியைத் தாண்டவில்லை. சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை அணிந்து, கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டியபடி, "இந்த ஊரில் துணி எப்படித்தான் காயும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இம்முறையும் போகிறோம். ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கிப் பத்து நாளை ஒதுக்கி, ஃபுளோரிடாவில் வாடகைக் கார் எடுத்து, கடலோரமாக ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணுகிறோம். ஆண்டு முழுவதும் வெயிலைத் திட்டும் ஊரிலிருந்து கிளம்பி, வெயில் காய்வதற்காக டாலர் செலவழிக்கப் போகிறீர்களா என்று என் தம்பி கேலி செய்கிறார். அவர் சிகாகோ குளிரைப் பார்த்ததில்லை.

மயாமியில் இறங்கி, மறுநாள் தென்கோடித் தீவு ஊரான கீ வெஸ்டுக்குப் போய் அன்றே திரும்பி, அடுத்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலப் பூங்காவைப் பார்த்துவிட்டு, மேற்குக் கரையோரமாக டாம்பா வரை சென்று விமானம் ஏறுவது என் திட்டம். நாற்பது ஆண்டுகளாகச் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நான், 64 வயதில் வலப்பக்கம் ஓட்டத் துணிவது அறிவுடைமையா? கீ வெஸ்டுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா? துணைவியாருக்கு மூட்டுவலி இருப்பதால் அரைமணி நேரத்துக்கு மேல் நடக்க மாட்டார். அவர் நடந்து பார்க்கத்தக்க இடங்கள் எவை? தைப்பூசத்துக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும். கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதை அவர் ஓர் ஆண்டும் விட்டதில்லை.

பதில் 1: புந்தோங் வாசி

ஐயா, வணக்கம். தாராளமாக ஓட்டலாம். நான் அங்கு இருமுறை ஓட்டியிருக்கிறேன். ஜே.பி.ஜே. என்னும் நம் சாலைப் போக்குவரத்துத் துறையில் அனைத்துலக வாகனமோட்டும் அனுமதியை எடுத்து, நம் உரிமத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் கைவந்துவிடும். கை மட்டும் பழைய பழக்கத்தை விடாது. நம் ஊர்க் கார்களில் திரும்பும் விளக்கின் நெம்பு ஸ்டீயரிங்குக்கு வலப்புறம் இருக்கிறது, அங்கே இடப்புறம். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு சந்திப்பிலும் விளக்குக்குப் பதிலாக மழைத்துடைப்பான்தான் எனக்கு ஓடியது. காய்ந்த கண்ணாடியை அது கரகரவென்று தேய்க்கும் ஓசையைக் கேட்டுப் பின்னால் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. இன்னொன்று, ஓட்டுநர் இருக்கை இடப்புறம் இருப்பதால் கார் தன்னையறியாமல் வலப்புற ஓரத்தை ஒட்டிப் போகும். அம்மாவை அந்த ஓரக் கோட்டின்மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சிவப்பு விளக்கில், தடைப்பலகை இல்லாத இடங்களில், முழுமையாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். நீங்கள் நின்றுகொண்டே இருந்தால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரு திசை வாகனங்களும் நிற்க வேண்டும். பெட்ரோல் பம்பு அட்டையைச் சொருகியதும் அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். நம் அட்டைக்கு அது ஒத்துவராது. உள்ளே போய்ப் பம்பு எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டுவதே எளிது. அங்கே கணக்கு காலனில். ஒரு காலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்.

டோலில்தான் நான் ஏமாந்தேன். மயாமியைச் சுற்றியுள்ள பல கட்டணச் சாலைகளில் பணம் வாங்க ஆளே இல்லை. கேமரா எண் பலகையைப் படம் பிடித்து வாடகை நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்பும். அந்த நிறுவனம் ஒவ்வொரு நாளுக்கும் தன் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, சில டாலர் டோலுக்கு எழுபது டாலர் பிடித்தது. காரை எடுக்கும்போதே டோல் ஏற்பாட்டைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்; இல்லாவிட்டால் வழிகாட்டிச் செயலியில் டோல் சாலைகளைத் தவிர்க்கும்படி அமைத்துவிடுங்கள்.

பதில் 2: டாம்பாவில் வாழும் பீடோர்ப் பெண்

ஐயா, கீ வெஸ்டுக்கு ஒரே நாளில் போய்வருவதை மட்டும் வேண்டவே வேண்டாம். மயாமியிலிருந்து அது ஏறத்தாழ 260 கிலோமீட்டர். போக நான்கு மணி, வர நான்கு மணி. பெரும்பகுதி ஒருபுறத்துக்கு ஒரே தடம் கொண்ட சாலை என்பதால், முன்னால் படகை இழுத்துக்கொண்டு ஒருவர் மெதுவாகப் போனால் நீங்களும் அவர் பின்னால்தான் போக வேண்டும். ஜனவரியில் சூரியன் மாலை ஆறு மணிக்கே மறைந்துவிடும். மேலும், பிக் பைன் தீவில் ஆட்டின் அளவே உயரமுள்ள கீ மான்கள் இரவில் சாலைக்கு வரும். அங்கு இரவு வேக வரம்பு 35 மைல்தான்.

நடுவழியில் உள்ள மாரத்தானில் இரண்டு இரவு தங்குங்கள். குளிருக்குப் பயந்து வட மாநிலங்களிலிருந்து வருவோர் நிரம்பும் காலம் இது. அறை விலை உச்சத்தில் இருக்கும், இப்போதே பதிவு செய்யுங்கள். அங்குள்ள ஏழு மைல் பாலம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பினாங்குப் பாலத்தைப் பார்த்த நாம் நீளத்துக்காக வியக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் நிற்கும் பழைய பாலத்தைப் பாருங்கள். ஹென்றி ஃபிளாக்லர் கடல்மேல் தண்டவாளம் போட்டு 1912இல் கீ வெஸ்டுக்கு இரயிலைக் கொண்டுபோனார். 1935இல் வந்த சூறாவளி அதைச் சிதைத்தது. எஞ்சிய பாலங்களின்மேல் 1938இல் கார்ச்சாலை திறந்தார்கள். 1982இல் புதிய பாலம் வந்தபின் பழையது சும்மா நிற்கிறது. அதில் ஒரு பகுதியைச் சீரமைத்து 2022இல் நடப்போருக்குத் திறந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முடிந்த தூரம் நடந்து, கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தால் போதும். தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் திருக்கை மீன் நகர்வது நிழலோடு தெரியும்.

வெயில் உறுதியா என்றால், பெரும்பாலும் உறுதி. கீ வெஸ்டில் ஜனவரிப் பகல் 24 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். உறைபனி அங்கு பதிவானதே இல்லை. ஆனால் வடக்கிலிருந்து குளிர் அலை வந்தால் இரண்டு மூன்று நாள் ஸ்வெட்டர் வேண்டும். 2020 ஜனவரியில், குளிரில் விறைத்த இகுவானா என்னும் பெரிய ஓணான்கள் மரங்களிலிருந்து விழலாம் என்று மயாமி வானிலை அலுவலகமே எச்சரித்தது. கடல்நீரும் நமக்குச் சில்லென்றுதான் இருக்கும். நம் பங்கோர்த் தீவுக் கடலை நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

பதில் 3: கோலகங்சார் தோட்டத்துப் பிள்ளை

ஓய்வாசிரியர் ஐயா, உங்கள் திட்டத்தில் மயாமியும் டாம்பாவும் இருக்கின்றன. இடையில் உள்ள ஃபோர்ட் மையர்ஸ் இல்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர் அந்த ஊரைத் தாண்டிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

தாமஸ் எடிசனும் ஹென்றி ஃபோர்டும் குளிர்காலத்தைக் கழிப்பதற்காக அங்கே அடுத்தடுத்து வீடு வைத்திருந்தார்கள். எடிசன் 1885இல் நிலம் வாங்கினார். ஃபோர்டு 1916இல் பக்கத்து வீட்டை வாங்கினார். வெயில் காய வந்தவர்கள் வெயிலோடு நிற்கவில்லை. 1922இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயா, இலங்கைத் தோட்டங்களின் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியது. உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு அது உறுத்தியது. கார் செய்பவர் ஃபோர்டு, டயர் செய்பவர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இருவருக்கும் நண்பர் எடிசன். மூவரும் சேர்ந்து 1927இல் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்க மண்ணிலேயே விளையும் ரப்பர்ச் செடியைத் தேடினார்கள். ஏறத்தாழ 17,000 தாவர மாதிரிகளைச் சோதித்து, கடைசியில் கோல்டன்ராடு என்ற மஞ்சள் பூச்செடியில் வந்து நின்றார்கள். 1931இல் எடிசன் இறந்தார். பின்னர் செயற்கை ரப்பர் வந்தது. அந்தச் செடி வயலுக்கு வரவேயில்லை. ஆய்வுக்கூடம் மட்டும் குடுவைகளும் மேசைகளும் இருந்தபடியே காட்சிக்கு இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கும் 1877ஆம் ஆண்டின் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். அந்த மரத்தின் கதையின் மறுபாதி அங்கே இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, நெற்றி விளக்கோடு நிரைநிரையாகப் போய் என் பாட்டி பால்மரம் வெட்டிப் பாலெடுத்த காலத்தில், அந்தப் பாலுக்கு மாற்று என்ன என்று அத்தனை பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை, அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். பாட்டிக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்காது; பால் பிடிக்கும் மங்கு நிறைந்ததா, மழை வருமா என்பதே அவர் கவலை.

வாசலருகே ஓர் ஆலமரம் இருக்கிறது. ஃபயர்ஸ்டோன் அன்பளிப்பாகத் தந்த சிறு கன்று அது. ஆலிலும் பால் வடிகிறதல்லவா? இன்று ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு விழுது இறக்கி நிற்கிறது. நிழலில் அம்மா உட்கார்ந்து இளைப்பாறலாம். மொத்த இடமும் சமதளம்.

பதில் 4: சுங்கை சிப்புட் ஓய்வாசிரியர்

அனைவருக்கும் நன்றி. ஃபோர்ட் மையர்ஸ் பகுதியைத் துணைவியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவருடைய அம்மா முப்பத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். "கீ வெஸ்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஆலமரத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்கிறார்.

எவர்கிளேட்ஸ் பற்றி மட்டும் தயக்கம். முதலைகளுக்கு நடுவே மூட்டுவலிக்காரரை அழைத்துச் செல்லலாமா? வெளிநாட்டவருக்குக் கட்டணம் உயர்ந்துவிட்டது என்றும் மகள் சொல்கிறாள்.

பதில் 5: டாம்பாவில் வாழும் பீடோர்ப் பெண்

மகள் சொன்னது சரி. 2026 ஜனவரி முதல் எவர்கிளேட்ஸ் உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டுப் பயணிகள் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கட்ட வேண்டும். இருவருக்கும் 200 டாலர் கூடுதல். அது வீண் என்பது என் கருத்து. கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் டாமியாமி டிரெயில் சாலை, பக்கத்திலுள்ள பிக் சைப்ரஸ் காப்பகத்தின் வழியே செல்கிறது. அங்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ஒயாசிஸ் வரவேற்பு நிலையத்தின் முன்னால் கால்வாயையொட்டி மரப்பலகை நடைபாதை இருக்கிறது. ஜனவரி வறண்ட காலம். மற்ற இடங்களில் நீர் வற்றுவதால் அலிகேட்டர்கள் கால்வாயில் வந்து குவியும். கைப்பிடிக்கு இந்தப் பக்கம் நின்று பத்து நிமிடத்தில் பத்து முதலை பார்க்கலாம், மூட்டுக்கும் வேலையில்லை.

பணத்தைப் பொருட்படுத்தாமல் பூங்காவுக்கே போவதென்றால் அன்ஹிங்கா நடைபாதை நல்லது. ஒன்றேகால் கிலோமீட்டர், தளம் போட்ட பாதை. ஆனால் அங்குள்ள கருங்கழுகுகளுக்குக் கார் ரப்பர் என்றால் உயிர். மழைத்துடைப்பானையும் கண்ணாடி ஓரப் பட்டையையும் கொத்திக் கிழித்துவிடும். இதற்காகவே தார்ப்பாயும் கட்டும் கயிறும் பூங்காவில் இரவல் கொடுக்கிறார்கள். கோலகங்சார்க்காரர் இதையும் தம் ரப்பர் வரலாற்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபோர்ட் மையர்ஸில் இன்னொன்றும் உண்டு. மனாட்டி என்னும் கடற்பசு, 20 பாகைக்குக் கீழே போகும் நீரில் நெடுநாள் உயிர்வாழாது. ஆகவே குளிர் அலை வந்ததும் அவை மின்நிலையம் வெளியேற்றும் வெந்நீரைத் தேடி மனாட்டி பார்க்குக்கு வரும். உங்கள் துணைவியாருக்கு அவற்றின்மேல் தனி அன்பு பிறக்கும் என்று நினைக்கிறேன். குளிர்ந்த நாளில் அங்கும், வெயில் நாளில் தீவுகளிலும் இருக்கும்படி நாள்களைச் சற்று இளக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 6: சுங்கை சிப்புட் ஓய்வாசிரியர்

திட்டத்தை மாற்றிவிட்டேன். சிகாகோவிலிருந்து நேராக ஃபோர்ட் மையர்ஸில் இறங்கி மூன்று இரவு. டாமியாமி டிரெயில் வழியே கிழக்கே போய் ஓர் இரவு ஹோம்ஸ்டெட். மாரத்தானில் மூன்று இரவு, அங்கிருந்து ஒரு நாள் கீ வெஸ்டு. கடைசி இரண்டு இரவு மயாமியில் தங்கி, சவுத்வெஸ்ட் ரான்ச்சஸில் உள்ள சிவ விஷ்ணு ஆலயத்துக்கும் போய்விட்டு விமானம் ஏறுவோம். டாம்பாவை விட்டுவிட்டோம், பீடோர்ப் பெண் மன்னிக்க வேண்டும்.

ஒரு சிறு கேள்வி பாக்கி. மாமியாரின் பால் வெட்டும் உளி எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை அந்த ஆய்வுக்கூடத்தின் முன் பிடித்துப் படம் எடுக்க வேண்டும் என்று துணைவியார் ஆசைப்படுகிறார். எடுத்துச் செல்லலாமா?

பதில் 7: புந்தோங் வாசி

ஐயா, உளியைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். சரக்குப் பெட்டியில் உறையிட்டு வைத்தால் போகும். ஆனால் காட்சியகத்தில் அதைக் கையில் எடுத்தால் காவலர் வந்து என்னவென்று கேட்பார். நீங்கள் 1922இலிருந்து விளக்க வேண்டியிருக்கும். மங்கு இருந்தால் கழுவித் துடைத்து அதை எடுத்துச் செல்லுங்கள்.