வீட்டோடு வந்த துப்பாக்கிப் பெட்டகத்தை எப்படி வெளியே எடுப்பது?

ஹூஸ்டன்வாசி:
போன மாதம் வாங்கிய வீட்டின் கராஜில் பழைய உரிமையாளர் துப்பாக்கிப் பெட்டகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். 700 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 317 கிலோ. திறந்து பார்த்துவிட்டேன், காலிதான். நான்கு பேர் தள்ளியும் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. என்ன செய்யலாம்?

மதுரைக்காரன்:
எடை மட்டும் காரணமாக இருக்காது, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். உள்ளே அடியில் விரித்திருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். கழற்றியதும் கதவைப் பூட்டிவிட்டு அப்புறம் நகர்த்துங்கள், ஏனென்றால் கதவுதான் பெரிய கனம், திறந்திருந்தால் பெட்டகம் அப்படியே முன்பக்கம் ஆள்மேல் சாய்ந்துவிடும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள்!

செல்வி:
சமதரைக்கு ஒரு கடப்பாரையும் மூன்று இரும்புக் குழாயும் போதும். நெம்பித் தூக்கிக் குழாயைச் செருகுங்கள், உருட்ட உருட்டப் பின்னால் வெளிவருவதை எடுத்து முன்னால் போடுங்கள். கராஜ் தரை வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், அதனால் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மாதிரி ஒருவர் மரக்கட்டையோடு கூடவே வரட்டும்.

டாலஸ்தம்பி:
வழியில் படி இருந்தால் தயவுசெய்து நீங்களே இறக்காதீர்கள். என் நண்பர் கீழ்ப்படியில் நின்று தாங்கப் போய் இரண்டு கால்விரல் முறிந்தது. பெட்டகம் தூக்குவதையே தொழிலாகச் செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள்.

ஹூஸ்டன்வாசி:
படி இல்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் நான்கு போல்ட் இருக்கிறது, ஒன்று துருவேறி இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், நாளைக்குக் கழற்றிப் பார்க்கிறேன்.