மாத்தளையிலிருந்து தலைமன்னாருக்கு ஒரு நாள்

கடல் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் காலிக்கோ திருகோணமலைக்கோதான் வான் வண்டி பிடிப்பார்கள். இந்த முறை நான் பிடிவாதமாக மன்னார் என்றேன். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, தம்புள்ளை, மதவாச்சி வழியாக ஓடினால் காலைச் சாப்பாட்டுக்குத் தீவுக்குள் நுழைந்துவிடலாம்.

போர்த்துக்கேயர் 1560 இல் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்கு அரை மணி நேரம் போதும். உள்ளே இடிந்த சுவரும் வெயிலும்தான். பள்ளிமுனைப் பெருக்கமரத்தை (பாவோபாப்) தவறவிடாதீர்கள். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். எங்களோடு வந்த அத்தனை பேரும் கைகோர்த்தும் எட்டவில்லை. பிள்ளைகளுக்கு மரத்தைவிடத் தெருக் கழுதைகளைத்தான் பிடித்திருந்தது.

நான் மன்னார் என்றதற்குக் காரணம் தலைமன்னார் இறங்குதுறை. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொள்ளை நோயில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1914 இல் தனுஷ்கோடிக் கப்பலும், கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலும் வந்தன. 1964 இல் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். போக வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியதைத்தான் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். பெரியம்மாவும் அதில்தான் போனார்.

துருப்பிடித்த தூண்களுக்கு அருகே ஒரு முதியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். “ஐயா, கப்பல் இங்கேதான் நின்றதா?” என்று அம்மா கேட்டார்.

“இங்கேதான் அம்மா. தகரப் பெட்டியோடு மணலில் காத்திருந்தவர்களுக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறேன். ஒருத்தி அம்மிக்கல்லையே கொண்டுவந்திருந்தாள். அங்கே கல் கிடைக்காதா என்று நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.”

“எங்கள் அக்கா கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுபோனாள்,” என்றார் அம்மா. “போன இடம் கூடலூர். அங்கேயும் தேயிலைதானே.”

இந்தக் கத்தி விஷயத்தை அம்மா அதுவரை வீட்டில் சொன்னதே இல்லை. இருவரும் நெடுநேரம் பேசினார்கள், நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும் வழியில் பேசாலையில் கட்டாக் கருவாடு வாங்கினோம். அம்மாவிடம் விலை பேசிக் கடைக்காரர் தோற்றார். நீங்கள் போவதானால் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், துறையில் நிழல் கிடையாது. நான்கு மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். இருட்டினால் மடுப் பக்கம் யானை வீதியைக் கடக்கும். கருவாட்டை மட்டும் வானுக்குள் வைக்காதீர்கள், கூரையில் கட்டுங்கள்.